மறுத்தாலும் ஒப்புதலா?

"ஆம் என்றால், ஆம்! இல்லை என்றாலும், ஆம்!"

இப்படியொரு சட்டம் இயற்றி, அதன்படி வழக்கு விசாரிக்கும் மன்றம் ஒன்று இருக்குமானால், அந்த மன்றத்துக் கூண்டிலே ஏறி நிற்க எவர் துணிவர்? வழக்கறிஞர் எதற்கு? சான்று எதற்கு? சாட்சி எதற்கு? வாய் திறந்து ஒப்பினால் குற்றம் மெய்யாயிற்று. மறுத்தாலோ, மறைக்கிறான், ஆகவே இருமடங்கு மெய்யாயிற்று! கொடுங்கோலன் கொலுமண்டபத்துக் கூத்து இது என்பீர்கள். அல்ல, நண்பர்களே! அறிவியல் என்ற பெயர்ப்பலகை தொங்கிய அறையிலே, மருத்துவம் என்ற பெயராலே, வியன்னா மாநகரிலே நடந்தது இது.

எங்கள் ஊர்ப் படிப்பகத்து மாலை உரையாடலுக்குச் சென்ற திங்கள் பிராய்டு வந்து சேர்ந்தார். கல்லூரியில் உளவியல் பயிலும் இளைஞர் ஒருவர் அவரை அழைத்து வந்தார். "சமயம் என்பது வெறும் மயக்கம் என்று 1927-ஆம் ஆண்டிலேயே நூல் எழுதியவர். 1933-இல் பெர்லின் நகரில் நாஜிகள் மூட்டிய தீயிலே அவருடைய ஏடுகள் எரிந்தன. 1938-இல், எண்பத்திரண்டு வயதில், புற்றுநோய் அரித்த வாயோடு, வாழ்ந்த ஊரை விட்டு இலண்டனுக்குச் செல்ல நேர்ந்தது. இவர் நம்மவரன்றி வேறு யார்?" என்று முழங்கினார். கை தட்டினர் தோழர்கள். நானும் தட்டினேன். தட்டியதற்காக இன்றும் நான் வருந்தவில்லை.

வினை அதன் பிறகுதான் வந்தது. "தம்பி! சமயத்தைப் பற்றி அவர் கூறியது இருக்கட்டும். அவர் செய்த மருத்துவம் நோயைத் தீர்த்ததா? தீர்த்தது என்றால், அதை எப்படி அறிந்தோம்?" என்று கேட்டேன். இளைஞர் புன்னகைத்தார். "ஆசிரியரே! நீங்கள் இவ்வளவு வேகமாக மறுக்கிறீர்களே, அதுவே உங்கள் அடிமனத்தில் அவர் சொல் தைத்திருக்கிறது என்பதற்கு அடையாளம்!" என்றார்.

அவையோர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு எழவில்லை. அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். மந்திரித்த கயிறு பலிக்கவில்லையே என்று கேட்டால், "உனக்கு நம்பிக்கை போதவில்லை" என்பான் பூசாரி. சோதிடம் பொய்த்துவிட்டதே என்று கேட்டால், "பிறந்த நாழிகையைப் பிழையாகக் குறித்திருப்பீர்" என்பான் சோதிடன். குறை எப்போதும் கேட்டவனிடம். கூறியவனிடம் ஒருநாளும் இல்லை! கோயில் வாயிலில் நாம் ஏற்க மறுத்த அந்த விடையை, கல்லூரி வாயில் வழியாக வந்தது என்பதற்காக ஏற்றுக்கொள்ளலாமா? கிடைத்த நூல்களையெல்லாம் தேடிப் படிக்க வைத்தது இந்தக் கேள்விதான். படித்ததை இங்கே வைக்கிறேன். தூற்றுவதற்காக அல்ல, துலாக்கோலில் ஏற்றுவதற்காக.

பிராய்டு செய்த நன்மையை முதலில் கூறிவிடுவதே நேர்மை. ஹிஸ்டீரியா என்று மருத்துவர் பெயரிட்ட நோய் ஒன்று அந்நாளில் ஐரோப்பாவெங்கும் பேசப்பட்டது. கை மரத்துப்போகும், குரல் அடைத்துவிடும், பார்வை மங்கும். உடலைத் துருவிப் பார்த்தால் பழுது ஒன்றும் தென்படாது. மின்சாரம் பாய்ச்சினர், குளிர்ந்த நீரில் அமிழ்த்தினர், அறிதுயிலில் ஆழ்த்தி ஆணையிட்டனர். "என்ன நேர்ந்தது உனக்கு?" என்று கேட்டு, விடை முடியும் வரை காத்திருந்தவர் மிகச் சிலர். அந்தச் சிலரில் பிராய்டும் ஒருவர். நோயாளியைச் சாய்வு மஞ்சத்திலே படுக்கவைத்து, தாம் தலைமாட்டிலே கண்ணில் படாமல் அமர்ந்து, "மனத்தில் தோன்றுவதை மறைக்காமல், மாற்றாமல், வெட்கப்படாமல் கூறு" என்றார். ஞாயிறும் விடுமுறை நாளும் நீங்கலாக நாள்தோறும் ஒரு மணி நேரம், மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில். பேசட்டும் என்று விட்டாரே, அது பெரிய காரியம். அதை மறுப்பவன் வரலாறு அறியாதவன்.

ஆனால் கேட்பது வேறு. கேட்டதற்குப் பொருள் கூறுவது வேறு. பொருள் கூறும் இடத்திலேதான் நம் வழக்கு தொடங்குகிறது.

இந்த மருத்துவத்தின் மூலக்கதை 'அன்னா ஓ' என்று புனைபெயரிடப்பட்ட ஒரு பெண்ணின் கதை. 1880-ஆம் ஆண்டு முதல் 1882 வரை அவளுக்கு மருத்துவம் பார்த்தவர் பிராய்டின் மூத்த நண்பர் யோசப் பிராயர். வலக்கை அசையவில்லை; தாய்மொழியான செருமன் மறந்துபோய் ஆங்கிலமே நாவில் நின்றது; நாக்கு வறண்டும் தண்ணீர்க் குவளையைத் தொட முடியவில்லை. ஒருநாள், தான் வெறுத்த ஒரு துணைப்பெண்ணின் நாய் குவளையில் வாய் வைத்து நீர் குடித்ததைத் தான் கண்டதாகக் கூறி, அடக்கிவைத்த அருவருப்பையெல்லாம் கொட்டினாள். உடனே தண்ணீர் கேட்டு வாங்கிப் பருகினாள்! 'பேச்சு மருத்துவம்' என்று அதற்குப் பெயர் வைத்தவளும் அவளே. வேடிக்கையாக, 'புகைபோக்கி துடைப்பது' என்றும் கூறுவாளாம். ஒவ்வொரு நோய்க்குறிக்கும் வேரான நினைவு வெளியே வந்தது, குறி மறைந்தது, அவள் நலம் பெற்றாள் என்று 1895-இல் பிராயரும் பிராய்டும் சேர்ந்து வெளியிட்ட நூல் உலகுக்கு அறிவித்தது.

உலகம் அதை நம்பியது. முக்கால் நூற்றாண்டு நம்பியது. 1972-இல் என்றி எலன்பெர்கர் என்ற வரலாற்றறிஞர் பழைய மருத்துவமனை ஆவணங்களைத் தேடி எடுத்து வெளியிட்டார். மருத்துவம் 'முடிந்த' 1882-ஆம் ஆண்டிலேயே, சூலைத் திங்களில், அந்தப் பெண் சுவிட்சர்லாந்தின் குரோய்சுலிங்கன் நகரத்து மனநல இல்லத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறாள்! நோய்க்குறிகள் நீங்கவில்லை. அதற்குமேல், மருத்துவம் என்று ஊட்டப்பட்ட மார்பீனுக்கு அடிமையாகியும் இருந்தாள். அடுத்த சில ஆண்டுகளிலும் மருத்துவமனை வாசம் அவளை விடவில்லை. அவள் துன்பம் தொடர்வதைப் பிராய்டு அறிந்தே இருந்தார். 1883-இல் தம் வருங்கால மனைவிக்கு எழுதிய கடிதமே அதற்குச் சான்று. அறிந்தும், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, நூலில் நலம் பெற்றாள் என்று வெளியிட உடன்பட்டார்.

அடித்தளக் கல்லிலேயே விரிசல் என்றால் மாளிகையைப் பற்றி என்ன சொல்வது? அவசரப்பட வேண்டாம். ஒரு நோயாளிக்குக் குணமாகவில்லை என்பதால் ஒரு மருத்துவமே பொய்யாகிவிடாது. ஆகவே, பிராய்டே முன்னின்று நடத்தி, பிராய்டே எழுதி வெளியிட்ட வழக்கு ஒன்றைப் பார்ப்போம்.

1900-ஆம் ஆண்டு அக்டோபரில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியை அவளுடைய தந்தை பிராய்டிடம் கொண்டுவந்து விட்டார். நூலில் அவள் பெயர் டோரா. உண்மைப் பெயர் ஈடா பாவர். பின்னாளில் ஆஸ்திரிய சமதர்மக் கட்சித் தலைவர்களில் ஒருவராக விளங்கிய ஆட்டோ பாவரின் தங்கை. இருமல், குரலடைப்பு, மனச்சோர்வு. சாகப் போவதாக ஒரு கடிதமும் எழுதி வைத்திருந்தாள். அந்த வீட்டுக் கதை இது: தந்தைக்கு நண்பர் ஒருவர், திரு. கா. என்று பிராய்டு குறிப்பிடுபவர். அந்த நண்பரின் மனைவியோடு தந்தைக்குத் தொடர்பு. திரு. கா.வோ, பதினான்கு வயதுச் சிறுமியாக அவள் இருந்தபோதே, தம் கடைக்கு வரவழைத்து, பிறரை வெளியே அனுப்பிவிட்டு, இழுத்தணைத்து முத்தமிட்டார். அருவருப்பில் உதறிக்கொண்டு ஓடினாள் அவள். பதினாறாம் வயதில் ஏரிக்கரை ஒன்றில் மீண்டும் நெருங்கினார். அவர் கன்னத்திலே அறைந்துவிட்டு வந்தாள். வீட்டில் கூறினாள். திரு. கா. மறுத்தார், "அவள் தகாத நூல்களைப் படித்துக் கற்பனை செய்கிறாள்" என்றார். தந்தை யாரை நம்பினார்? நண்பரை நம்பினார்! தன் மனைவியைப் பற்றி வாய் திறவாதிருக்கத் தன்னையே அந்த மனிதருக்கு விலையாகக் கொடுக்கிறார்கள் என்று அந்தப் பெண் எண்ணினாள். எண்ணியதிலே தவறென்ன?

தவறில்லை என்று பிராய்டும் கருதினார்! அவள் கூறிய நிகழ்ச்சிகளை அவர் நம்பினார். வியன்னாவிலே அவளை நம்பிய முதல் ஆடவர் அவராகவே இருக்கலாம். நம்பியவர் அடுத்து என்ன செய்திருக்க வேண்டும்? "பெண்ணே, நீ வெகுண்டது முறை" என்று கூறியிருக்க வேண்டாமா? அவர் கூறியது வேறு. அந்த வேளையிலே இன்பக் கிளர்ச்சி எழாமல் அருவருப்பு எழுந்தது பாருங்கள், அதுவே ஹிஸ்டீரியாவின் அடையாளம் என்று எழுதினார். திரு. கா. மீது அவளுக்குக் காதல், அதை அவளே அடக்கி வைத்திருக்கிறாள் என்றார். "இல்லை" என்றாள் அவள். அந்த 'இல்லை'தான் அடக்கிவைத்தலுக்குச் சான்று என்றார்! பேசிக்கொண்டே கைப்பையைத் திறந்து மூடினாள். அதற்கும் ஒரு பொருள். இருமினாள், அதற்கும் ஒரு பொருள். பதினான்கு வயதுச் சிறுமி, தந்தையின் வயதொத்த ஒருவன் பிடியிலிருந்து தப்பி ஓடியதற்கு மட்டும், அதன் நேரான பொருள் கிடைக்கவில்லை!

பதினொரு வாரம் பொறுத்தாள். 1900-ஆம் ஆண்டின் கடைசி நாளில், "இனி வரமாட்டேன்" என்று கூறிவிட்டு எழுந்து போனாள். எனக்கு அந்த நூலிலே மிகப் பிடித்த நிகழ்ச்சி அதுதான். நூலாசிரியருக்கு மிகப் பிடிக்காத நிகழ்ச்சியும் அதுவே. பின்பு நடந்ததையும் அவரே எழுதியிருக்கிறார். சில திங்கள் கழித்து அவள் நேரே அந்தக் குடும்பத்தாரிடம் போனாள். மனைவியிடம், "என் தந்தையோடு உனக்குள்ள தொடர்பை நான் அறிவேன்" என்றாள், அவள் மறுக்கவில்லை. கணவனிடம் ஏரிக்கரை நிகழ்ச்சியைக் கேட்டாள், அவன் ஒப்புக்கொண்டான். ஆக, அவள் கூறியதெல்லாம் உண்மை என்று குற்றவாளிகளின் வாயாலேயே மெய்ப்பித்துவிட்டாள். 1902 ஏப்ரலில் பிராய்டைக் காண வந்து இதைச் சொன்னபோது அவர் என்ன செய்தார் தெரியுமா? தம் கையால் முழுக் குணம் பெறும் வாய்ப்பைத் தமக்கு இல்லாமல் செய்துவிட்டதற்காக அவளை மன்னிப்பதாக வாக்களித்தார்! யார் யாரை மன்னிப்பது!

"மறுத்தாலும் ஒப்புதல் என்கிறீரே, இது எந்த ஊர் நியாயம்?" என்று அந்நாளிலேயே சிலர் கேட்டனர். அந்தக் கேள்வியைப் பிராய்டு ஒளித்துவைக்கவில்லை. தம் இறுதிக் காலத்தில், 1937-இல், ஒரு கட்டுரையில் அதை எடுத்துக்கொண்டு விடையளித்தார். நோயாளியின் 'இல்லை'யை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, உண்மைதான். ஆனால் 'ஆம்' என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. நாம் கூறியதைத் தொடர்ந்து புதிய நினைவுகள் தாமே எழுகின்றனவா என்று பார்க்கிறோம், அவையே சான்று என்றார். நல்ல விடைதான். முன்னிருந்த நிலைக்கு மிக மேலான விடை. எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அந்தப் புதிய நினைவுகள் எங்கே எழுகின்றன? அதே மஞ்சத்தில்! எவர் முன்னிலையில்? எதை எதிர்பார்க்கிறார் என்று நோயாளி நன்றாக அறிந்துவிட்ட அதே மருத்துவர் முன்னிலையில்! வகுப்பறையில் நான் கேள்வி கேட்கும்போது, என் புருவம் உயர்வதைப் பார்த்தே விடையை மாற்றிச் சொல்லும் மாணவர்களை நாள்தோறும் காண்கிறேன். அவர்கள் பொய்யர்கள் அல்லர். பெரியவர் விரும்புவதைத் தர விழையும் பிள்ளைகள். நோயுற்று, நம்பி, கட்டணமும் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் வந்து படுப்பவன் மட்டும் இதற்கு விலக்கா?

அதனால்தான் விந்தை ஒன்று நேர்ந்தது. 1911-இல் ஆல்பிரட் ஆட்லர் பிரிந்தார். 1913-இல் கார்ல் யூங் பிரிந்தார். ஆட்லரின் நோயாளிகளிடம் தாழ்வு மனப்பான்மையே வெளிப்பட்டது. யூங்கின் நோயாளிகள் தொன்மங்களையே கனவு கண்டனர். பிராய்டின் நோயாளிகளோ இடிபஸ் சிக்கலைவிட்டு அசையவில்லை. கல்கத்தாவில் 1922-இல் இந்திய உளப்பகுப்புக் கழகத்தை நிறுவிய கிரீந்திரசேகர் போசு, ஐரோப்பிய நோயாளிகளிடம் காணும் சில அச்சங்கள் தம் இந்திய நோயாளிகளிடம் அத்துணை அழுத்தமாக இல்லை என்று பிராய்டுக்கே எழுதினார். இவர்களில் யார் சரி? இரு வேதியியலார் மாறுபட்டால் சோதனைக் குழாயிடம் போவர். இவர்கள் மாறுபட்டால் போகுமிடம் எது? தனித்தனிக் கழகம்தான் போகுமிடம்!

இந்த இடத்தைத் தொட்டவர் கார்ல் பாப்பர். அவரும் வியன்னாக்காரரே. 1919-ஆம் ஆண்டு மே 29-இல் நேர்ந்த சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டீனின் கொள்கை சோதனைக்கு வந்தது. ஒளி இவ்வளவு வளையும் என்றார் ஐன்ஸ்டீன். வளையாதிருந்தால் கொள்கை வீழ்ந்திருக்கும். தம் கழுத்தைத் தாமே கத்திக்கு நீட்டிய கொள்கை அது! இளைஞர் பாப்பர் கேட்டார்: பிராய்டின் கொள்கை எந்தக் கத்திக்குக் கழுத்தை நீட்டுகிறது? குழந்தையை நீரில் தள்ளிக் கொல்பவனுக்கும் அதில் விளக்கம் உண்டு; நீரில் குதித்து அதைக் காப்பவனுக்கும் விளக்கம் உண்டு. முன்னவன் அடக்கி வைத்தான், பின்னவன் உயர்வழிப்படுத்தினான்! எல்லாவற்றையும் விளக்கும் கொள்கை எதையும் முன்னறிவிக்கவில்லை என்பது பாப்பர் தொடுத்த வழக்கு.

நம் தோழர்கள் பலர் பாப்பரோடு நின்றுவிடுகிறார்கள். நான் நிற்கமாட்டேன். ஏனெனில் அவருக்கும் விடை சொன்னவர் உண்டு. அடால்ப் குருன்பாம் 1984-இல் எழுதிய நூலில், பிராய்டின் கூற்றுகள் பலவற்றைச் சோதித்துப் பார்க்கவே முடியும் என்றார். சோதித்தால் தேறவில்லை, அதுவே குறை என்றார்! உண்மையான விளக்கம் மட்டுமே நோயைத் தீர்க்கும், ஆகவே நோய் தீர்வதே விளக்கம் உண்மை என்பதற்குச் சான்று என்ற கருத்தைப் பிராய்டு 1917-இல் தம் விரிவுரையில் முன்வைத்திருந்தார். குருன்பாம் அதைப் பிடித்துக்கொண்டார். அடிமனத்தைத் தொடாத மருத்துவங்களாலும் அதே நோய் தீர்கிறதே! எந்த மருத்துவமும் இன்றித் தானாகவும் தீர்கிறதே! அப்படியானால் அந்தச் சான்று என்ன ஆயிற்று? இந்தக் கேள்வி பாப்பரின் கேள்வியைவிடக் கூர்மையானது என்பது என் கருத்து.

சோதிக்க முடியும் என்பதற்கு உயிருள்ள எடுத்துக்காட்டும் உண்டு. ஆரன் பெக் என்ற அமெரிக்கர் உளப்பகுப்பு பயின்றவர், அதை நம்பியவர். மனச்சோர்வு என்பது பிறர்மீது எழுந்த சினம் உள்நோக்கித் திரும்பியது என்று அவருக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. மெய்ப்பிக்க எண்ணி, சோர்வுற்றவர்களின் கனவுகளைத் திரட்டி ஆராய்ந்தார். சினம் மிகுந்திருக்க வேண்டும், காணோம்! தோல்வியும் இழப்பும் புறக்கணிப்புமே அங்கே மிகுந்திருந்தன. "அதுவும் சினத்தின் மாற்றுருவே" என்று சொல்லித் தப்பியிருக்கலாம் அவர். தப்பவில்லை. கொள்கையை விட்டார். 1960-களில் அவர் வகுத்த வேறொரு முறை, எண்ணத்தைத் திருத்தும் மருத்துவம், இன்று உலகெங்கும் நடைமுறையில் இருக்கிறது. பகுத்தறிவு என்ற சொல்லுக்கு எனக்கு ஒரு படம் வரையச் சொன்னால், தம் கருத்தைத் தாமே பொய்ப்பித்துக்கொண்டு தாள்களை நோக்கி அமர்ந்திருக்கும் அந்த மனிதரை வரைவேன்.

ஏட்டுச் சண்டைதானே இது, என்று எண்ணிவிடாதீர்கள். கொள்கையின் தவறுக்கு உடலும் விலை கொடுத்தது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் செஸ்ட்நட் லாட்ஜ் என்ற புகழ்பெற்ற மருத்துவமனை. உளப்பகுப்பே அங்கே முதன்மை மருந்து. 1979 சனவரியில் ரபேல் ஓஷராப் என்ற சிறுநீரக மருத்துவர் கடும் மனச்சோர்வோடு அங்கே சேர்ந்தார். ஏழு மாதம் பேச்சு மருத்துவம். நாற்பது பவுண்டு எடை குறைந்தது. நிலைகொள்ளாமல் நாளெல்லாம் நடந்து நடந்து பாதங்கள் கொப்புளித்தன. மருந்து கொடுங்கள் என்ற வேண்டுகோள் எழுந்தது. மருத்துவர்கள் கூடிப் பேசினர். பழைய முறையே தொடரட்டும் என்று முடிவு செய்தனர்! குடும்பத்தார் வேறு மருத்துவமனைக்கு மாற்றினர். அங்கே மருந்து கொடுத்தனர். மூன்று வாரத்தில் முன்னேற்றம். மூன்று மாதத்தில் வீடு. 1982-இல் வழக்குத் தொடுத்தார். 1987-இல் தீர்ப்பின்றி இணக்கமாக முடிந்தது. ஆயினும் சான்றுள்ள மருத்துவத்தை நோயாளிக்கு மறுக்கலாமா என்ற கேள்வி அமெரிக்க மருத்துவ உலகையே உலுக்கியது. மாத்திரைதான் மந்திரம் என்று இதற்குப் பொருளல்ல. ஓஷராப்பின் பிற்கால வாழ்வும் அமைதியாக அமைந்துவிடவில்லை.

அதே செஸ்ட்நட் லாட்ஜில் பணியாற்றிய பிரீடா பிரோம் ரைக்மன்தான், 1948-இல், பிள்ளைக்கு மனச்சிதைவு நோயை உண்டாக்கும் தாய் என்ற கருத்தை எழுத்தில் வைத்தவர். ஈரமில்லாத தாயே பிள்ளையின் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று 1967-இல் புரூனோ பெட்டல்கைம் நூலெழுதினார். எத்தனை தாய்மார், பிள்ளையின் துன்பத்தோடு இந்தப் பழியையும் சேர்த்துச் சுமந்தனர்! முன்வினைப் பயன் என்று இங்கே பழிக்கப்பட்ட தாய்க்கும், அடிமன வெறுப்பு என்று அங்கே பழிக்கப்பட்ட தாய்க்கும் என்ன வேறுபாடு? 1977-இல் வெளிவந்த இரட்டையர் ஆய்வு மரபின் பங்கைக் காட்டியது. தாயின் மீதிருந்த பழி மெல்ல மெல்ல விலகியது. ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவனாவேன். மனச்சிதைவு போன்ற கடும் நோய்களுக்குத் தம் முறை ஏற்றதன்று என்றே பிராய்டு கருதினார். சீடர்கள்தாம் எல்லையைத் தாண்டினர். இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த மருத்துவமனையின் மருத்துவரான தாமசு மக்லாசனே, அங்கிருந்து சென்ற நானூறுக்கு மேற்பட்ட நோயாளிகளைத் தேடி, ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் கழித்து அவர்கள் நிலையை ஆராய்ந்தார். மனச்சிதைவு நோயாளிகளில் மூன்றில் இரு பங்கினர் நலம் பெறவில்லை அல்லது தட்டுத்தடுமாறியே வாழ்ந்தனர் என்று 1984-இல் வெளியிட்டார். தம் வீட்டுக் கணக்கைத் தாமே தெருவில் வைத்துப் படித்த துணிவு அது.

இனி எதிர்க்கட்சியின் கணக்கையும் பார்ப்போம். 1952-இல் ஐசென்க் என்ற உளவியலார் ஒரு கட்டுரை எழுதினார். உளப்பகுப்புச் செய்துகொண்டவர்களில் முன்னேற்றம் கண்டவர் நூற்றுக்கு 44. பிற பேச்சு மருத்துவங்களில் 64. முறையான பேச்சு மருத்துவமே இல்லாதவர்களில் 72! மேடையில் எடுத்து வீசத் தகுந்த எண்கள். வீசலாமா? கூடாது. இடையில் நின்றவர்களையெல்லாம் குணமாகாதவர் என்று எண்ணியிருக்கிறார்; ஒன்றுக்கொன்று ஒப்பில்லாத கூட்டங்களை ஒப்பிட்டிருக்கிறார். பின்னர் அதே புள்ளிகளை எடுத்து எண்ணியவர்கள் வேறு விடை கண்டனர். நமக்கு உகந்த முடிவைச் சொல்கிறது என்பதற்காகப் பிழைக் கணக்கைக் கொண்டாடினால், படிப்பகத்து இளைஞருக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?

1977-இல் இன்னும் பெரிய கணக்கு வந்தது. ஸ்மித், கிளாஸ் என்ற இருவர் 375 ஆய்வுகளைச் சேர்த்து எடை போட்டனர். பேச்சு மருத்துவம் பெற்ற சராசரி நோயாளி, பெறாதவர்களில் நூற்றுக்கு 75 பேரைவிட நலமாக இருந்தார். ஆகவே பேச்சு பயன் தருகிறது, அதில் ஐயமில்லை. ஆனால் எந்த வகைப் பேச்சு என்பதால் பெரிய வேறுபாடு எதுவும் தென்படவில்லை! அடிமனம் என்று ஒன்றே இல்லை என்பவரிடம் சென்றவரும், அடிமனமே எல்லாம் என்பவரிடம் சென்றவரும் ஏறக்குறைய ஒரே அளவு நலம் பெற்றனர். குணமாக்கியது கொள்கைதானா, அல்லது கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாக அமர்ந்து கேட்ட மனிதரா? செரோம் பிராங்க் என்ற மருத்துவர் 1961-லேயே இந்த இழையைப் பிடித்து, மனநல மருத்துவரையும் சமயச் சடங்கால் குணமாக்குவோரையும் அருகருகே நிறுத்தி ஒரு நூலே எழுதினார். நம்பிக்கை, உறவு, துன்பத்துக்கு ஒரு விளக்கம் கிடைத்த ஆறுதல் ஆகியவை இருவரிடமும் பொது என்றார். பூசாரியின் உடுக்கையும் சில வேளை ஆறுதல் தந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ள நம் தோழர்களுக்குக் கசக்கும். எனக்கும் கசந்தது. ஆறுதல் தந்தது உண்மை. பேய் இருப்பது உண்மையாகிவிடவில்லை. இடிபஸ் சிக்கலுக்கும் அதே விதிதான்.

இன்றைய நிலை என்ன? நாள்தோறும் மஞ்சத்தில் படுக்கும் பழைய முறை அருகிவிட்டது. வாரம் ஒருமுறை, நேருக்கு நேர் அமர்ந்து, உறவுகளையும் உணர்ச்சிகளையும் ஆராயும் முறையே பெரும்பாலும் நடக்கிறது. அதைச் சோதிக்கவும் முன்வந்துவிட்டனர். இலண்டன் டாவிஸ்டாக் மருத்துவ நிலையத்து ஆய்வு 2015-இல் வெளிவந்தது. பிற மருத்துவங்களுக்கு மசியாத நெடுநாள் மனச்சோர்வு கொண்ட 129 பேர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவத்தோடு பதினெட்டு மாதம் உளப்பகுப்பு வழிப் பேச்சு மருத்துவம். மறு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். முடிவில் இரு பிரிவுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை. ஆனால் தொடர்ந்து கவனித்தனர். 42-ஆம் மாதத்தில், ஓரளவேனும் நோய் தணிந்திருந்தவர் முதற் பிரிவில் நூற்றுக்கு 30. மறு பிரிவில் நூற்றுக்கு 4.4. பெருவெற்றி அல்ல, பத்தில் ஏழு பேருக்குத் தணியவில்லையே! ஆயினும் புறக்கணிக்கக் கூடிய எண்ணும் அல்ல. 2023-இல் வெளிவந்த ஒரு பெருந்தொகுப்பாய்வும், மனச்சோர்வு, பதற்றம் முதலிய நோய்களுக்கு இவ்வகை மருத்துவம் சான்றுள்ள மருத்துவமே என்று முடிவு கூறியது.

ஆக, என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது, பிரிந்தே இருக்கட்டும். அந்த அறையிலே இருவர் அமர்ந்து பேசும் மருத்துவம், பிற மருத்துவங்களைப் போலவே, எண்ணி அளந்து பார்க்க ஒப்பிய பிறகு மதிப்பான இடம் பெற்றிருக்கிறது. அந்த இடம் பெரியதன்று, உறுதியானது. அதன் மீது எழுப்பிய மனக்கோட்டை, கனவுக்கெல்லாம் ஒரே திறவுகோல், இருமலுக்கெல்லாம் ஒரே வேர் என்ற அந்தப் பேரறிவிப்பு, அறிவியலின் வாயிலில் நூறாண்டுக்கு மேலாக நின்றும் நுழைவுச் சீட்டுக் காட்டவில்லை. மனத்தில் நாம் அறியாத இயக்கங்கள் உண்டு என்பதை இன்றைய ஆய்வுக்கூடங்கள் மறுக்கவில்லை. ஆனால் அவை பிராய்டு வரைந்த நிலவறையாக இல்லை. மனம் நொந்த தோழர் ஒருவர் வந்து, "நான் அத்தகைய மருத்துவரிடம் செல்லலாமா?" என்று கேட்டால், "செல்லுங்கள்; எத்தனை மாதத்தில் என்ன மாற்றம் எதிர்பார்க்கலாம், பயனில்லையெனில் அடுத்து என்ன செய்வீர்கள் என்று முதல் நாளே கேளுங்கள். கேட்டதற்காகவே உங்களை நோயாளி என்று கூறுபவராக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள், டோரா வந்ததைப் போல" என்பேன்.

படிப்பகத்து இளைஞரிடம் இவற்றையெல்லாம் கூறினேன். இம்முறை அவர் புன்னகைக்கவில்லை. "அந்த முதல் பெண், அன்னா ஓ, என்ன ஆனாள்?" என்று மட்டும் கேட்டார். நல்ல கேள்வி. அவளுடைய உண்மைப் பெயர் பெர்த்தா பாப்பன்கைம். நோயிலிருந்து மெல்ல மீண்டாள். பிராங்க்பர்ட் நகருக்குப் போனாள். ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லத்தில் பணி செய்தாள். மேரி உல்ஸ்டன்கிராப்ட் எழுதிய பெண்ணுரிமை நூலை 1899-இல் செருமன் மொழியில் பெயர்த்தாள். 1904-இல் யூதப் பெண்கள் கழகத்தை நிறுவி, பெண்களை விலைக்கு விற்கும் கும்பல்களை எதிர்த்து ஐரோப்பாவெங்கும் அலைந்தாள். 1907-இல், கெடுக்கப்பட்ட பெண்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்குமாக நோய் ஈசன்பர்க்கில் ஓர் இல்லம் கண்டாள். 1936-இல் மறைந்தாள், 1954-இல் மேற்கு செருமனி அவள் உருவத்தை அஞ்சல்தலையில் பொறித்தது. இளமையில் பெற்ற அந்த மருத்துவத்தைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை என்று உடனிருந்தோர் கூறுவர். தன் பொறுப்பிலிருந்த பெண் எவளையாவது உளப்பகுப்புக்கு அனுப்பலாம் என்று யாரேனும் சொன்னால், கடுஞ்சினத்தோடு மறுத்துவிடுவாளாம்.